கிளிப் உடைந்த கல்யாணம்

வெம்பிளியில் உங்கள் வகுப்புக்கு என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தீர்கள். மணப்பெண் அலங்காரம் பழகும் பிள்ளைகளுக்கு, இந்தத் தொழிலில் நரைத்த ஒருத்தி நாலு வார்த்தை சொல்லட்டும் என்று. நான் சொல்லி முடித்த பிறகு முன்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை கையை உயர்த்தினாள்.

"அன்ரி, பிளாக் பிரைட் ஒராள் வந்தா என்ன செய்யிறது? எங்களுக்கு ஒருத்தரும் அதைக் காட்டித் தரேல்லை."

கேட்டவளின் நிறமும் என் நிறமும் ஒன்றுதான். கொஞ்சம் கூடுதலாகப் பொரிந்துவிட்ட உழுந்து வடையின் நிறம். அவளுக்கு முன்னால் சுற்றிவர பல்பு பூட்டிய கண்ணாடி நின்றது, அதில் அவளுடைய முகம் பளிச்சென்று தெரிந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமுவது போல நடித்துத் தண்ணீர் குடித்தேன். ஆறுதலாக எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு ரயிலேறிவிட்டேன்.

இதுதான் அந்தப் பதில். பிரஷ் எப்படிப் பிடிப்பது, கண்மை எப்படி இழுப்பது என்றெல்லாம் இதில் இல்லை. அவை உங்கள் போனிலேயே கொட்டிக் கிடக்கின்றன. என் கை நடுங்கத் தொடங்கி நான் தொழிலை விட்டாயிற்று. இனி என்னை எந்தத் தாயும் கல்யாணத்துக்கு புக் பண்ணப் போவதில்லை. ஆகவே கொஞ்சம் உண்மை பேசலாம்.

எங்கள் வீடுகளில் நிறம் பார்ப்பதில்லை என்று எல்லோரும் சொல்வார்கள். சொல்லிவிட்டு, மகனுக்கு வந்த பெண்ணின் படத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்து, "பொது நிறம் எண்டவை, இது பொது நிறமோ?" என்று கேட்பார்கள். குரோய்டனில் அந்தப் பெரிய அரசாங்கக் கட்டடத்துக்கு வெளியே விசாவுக்காக வரிசையில் நின்ற காலத்தில், முன்னால் கானாக்காரர், பின்னால் சோமாலியாக்காரர், நடுவில் நாங்கள். அந்தக் குளிரில் எல்லோரும் ஒரே நிறமாகத்தான் இருந்தோம். விசா கிடைத்த பிறகுதான் எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராக வெள்ளையாகத் தொடங்கினார்கள்.

நான் தொழில் தொடங்கியபோது தாய்மார் எல்லோரும் ஒரே வசனத்தைத்தான் சொல்வார்கள். "பிள்ளையைக் கொஞ்சம் வெளிச்சமாக் காட்டுங்கோ." வெள்ளையாக்குங்கோ என்று யாரும் சொல்லமாட்டார்கள், அவ்வளவு நாகரிகம். நானும் வெளிச்சமாகக் காட்டினேன். மாவில் புரட்டியெடுத்த மாதிரி எத்தனை பெண்கள் என் கையால் மணவறைக்குப் போனார்கள் என்று எண்ணிப் பார்க்கவே எனக்கு விருப்பமில்லை.

அந்த மாவிலிருந்து என்னை மீட்டவள் தோர்ன்டன் ஹீத்தில் சலூன் வைத்திருந்த ஒருத்தி. ஜமேக்காவிலிருந்து வந்த பெற்றோருக்கு இங்கே பிறந்தவள். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவள், வாய் மட்டும் என்னைவிட மூத்தது. பெயர் சொல்லமாட்டேன். சொன்னால் நீங்கள் எல்லோரும் அங்கே போய் நிற்பீர்கள், அவள் எனக்குப் போன் போட்டுத் திட்டுவாள்.

கொண்டையூசி வாங்கவோ என்னவோ அவளுடைய சலூனுக்குள் போனேன். என் போனில் நான் அலங்கரித்த மணப்பெண்களின் படங்களைப் பார்த்தாள். ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் கேட்டாள்: "முகம் ஒரு குடும்பம், கழுத்து வேறு குடும்பமா? இரண்டு பேரும் சண்டையா?"

எனக்குக் கோபம் வந்தது. எங்கள் ஆட்கள் இப்படித்தான் கேட்கிறார்கள் என்றேன்.

"எங்கள் ஆட்களும்தான் கேட்டார்கள்" என்றாள். "வெளுக்கிற கிரீம் இந்தத் தெருவில் மேசைக்குக் கீழே விற்கிறார்கள். விற்கிறவன் உங்கள் ஆள். வாங்குகிறது எங்கள் ஆட்களும் உங்கள் ஆட்களும். ஒருவரை ஒருவர் பார்க்காத மாதிரி நின்று வாங்குகிறார்கள்." பிறகு, கறுப்பினப் பெண்களுக்கென்று செய்த பவுண்டேஷன் வரிசை ஒன்றை இறாக்கையிலிருந்து எடுத்து என் புறங்கையில் ஒரு கோடு இழுத்தாள். கோட்டைக் காணவில்லை. என் தோலுக்குள்ளேயே போய் ஒளிந்துகொண்டது. இந்த நாட்டில் எனக்கென்று செய்த ஒரு பொருளை நான் அப்போதுதான் முதன்முதலாகக் கண்டேன், அதுவும் இன்னொருத்திக்கென்று செய்தது.

பெட்டிகளை வாங்கிக்கொண்டு வந்தேன். ஆனால் ஒரு சிக்கல். பெட்டியின் மேல் அழகான கறுப்பினப் பெண் ஒருத்தியின் படம். அதைக் கண்டால் எங்கள் தாய்மார் மகளை எழுப்பிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். அதனால் எல்லாவற்றையும் வெறும் வெள்ளை டப்பாக்களில் மாற்றி ஊற்றினேன். "இது எங்கத்தைச் சாமான்?" என்று கேட்பார்கள். "பிரான்ஸ்" என்பேன். அதற்குப் பிறகு முகமும் கழுத்தும் ஒரே குடும்பமாயின. படங்களைப் பார்த்த சனம், "பிரான்ஸ் சாமான் பிரான்ஸ் சாமான்தான்" என்றது. பாரிசில் இருந்து கல்யாணத்துக்கு வந்த ஒரு அக்காகூட, "உது எங்கட இடத்திலை கிடைக்கிறேல்லையே, எந்தக் கடை?" என்று கேட்டார்.

இனி அந்தக் கல்யாணத்துக்கு வருகிறேன்.

நோர்பரியில் யோகம் அக்கா என்று ஒருவர். உண்மைப் பெயர் இல்லை, தேடாதீர்கள். அவருக்கும் எனக்கும் பழைய உறவு. அவருக்கு உச்சியில் முடி கொட்டிப்போய் நெடுங்காலம். உச்சியை மட்டும் மூடுகிற அரை விக் ஒன்றை நான்தான் அவருக்குப் பொருத்திப் பழக்கியிருந்தேன். இரண்டு பக்கமும் கிளிப், காற்றுக்கும் அசையாது. அவருடைய மனுசனுக்கும் எனக்கும் தவிர அந்த விஷயம் யாருக்கும் தெரியாது. மனுசனுக்குத் தெரியும் என்பதுகூட அக்காவுக்குத் தெரியாது.

அக்காவின் ஒரே மகன் கோபி, அபெனாவைக் கட்டப்போவதாகச் சொன்னான். அபெனா இங்கே பிறந்தவள், தாய் தகப்பன் கானாக்காரர். நகரத்தில் பெரிய சட்ட அலுவலகம் ஒன்றில் வேலை. வீட்டில் ஒரு மாதம் சமையல் நடக்கவில்லை. யோகம் அக்கா அழுதார், விரதம் இருந்தார், கோபியை "கறுவல்" என்று செல்லமாகக் கூப்பிட்டு வளர்த்த அதே வாயால் அந்தப் பெண்ணின் நிறத்தைப் பற்றிக் கவலைப்பட்டார். பிறகு அவள் சட்டம் படித்தவள் என்பது மெல்ல மெல்ல அவருக்கு உறைத்தது. எங்கள் ஆட்களின் மனம் பட்டதாரிகளின் விஷயத்தில் மிகவும் பரந்தது. குரோய்டனில் மண்டபம் எடுத்தார்கள். ஐயர், மேளம், கூறை, தாலிக்கொடி, எல்லாம் எங்கள் முறைப்படி. அலங்காரம் நான்.

தலை வேலைக்கு அபெனா தன்னுடைய ஆளைக் கூட்டிவருவதாகச் சொன்னாள். வந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? என் தோர்ன்டன் ஹீத் வாயாடிதான்.

கல்யாணத்துக்கு முன்னர் யோகம் அக்காவின் வீட்டு முன்னறையில் எல்லோரும் கூடியிருந்தோம். அங்கேதான் அபெனா தன் விருப்பத்தைச் சொன்னாள். மணவறையில் தன் சொந்தத் தலையோடு இருக்க வேண்டும். விக் வேண்டாம், ஒட்டுமுடி வேண்டாம்.

நீங்கள் தவறாக விளங்கக்கூடாது. அபெனா விக்குக்கு எதிரி இல்லை. மூன்று விக் வைத்திருந்தாள், ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. தோள்வரை நேராக விழுவது ஹெலன், அலுவலகத்துக்கு. அலையலையாக இருப்பது டொலோரஸ், தாயோடு தேவாலயத்துக்கு. மூன்றாவதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை, அது சொல்வழி கேட்பதில்லை என்றாள். அவற்றைப் பற்றிப் பேசும்போது அவ்வளவு பாசம். ஆனால் ஹெலன் வந்த கதை வேறு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் தன் சொந்தச் சுருள்முடியோடு போனாளாம். மேலே இருந்த ஒருத்தர் அன்பாகக் கூப்பிட்டு, வாடிக்கையாளர்களின் கவனம் சிதறுகிறது என்றாராம். இன்னொருத்தர் கேட்காமலே தொட்டுப் பார்த்து, பஞ்சு மாதிரி இருக்கிறதே என்றாராம். அடுத்த திங்கட்கிழமை ஹெலன் வேலைக்குப் போனாள். அன்றைக்கு எல்லோரும் அபெனாவை வடிவு என்றார்கள்.

"கோபியை முதன்முதல் சந்தித்தபோது என் தலையில் ஒன்றும் இல்லை. அப்படித்தான் அவனைக் கட்ட வேண்டும்" என்றாள்.

யோகம் அக்கா என்னைப் பார்த்தார். "சடை இல்லாமல் ஒரு பொம்பிளையோ? சடைநாகத்தை எங்கை குத்துறது? சனம் என்ன சொல்லும்?"

அபெனாவின் தாய் ஓய்வுபெற்ற நர்ஸ். வாட்டசாட்டமான மனிசி, தலையில் உயரமாகத் துணி கட்டியிருந்தார். அதுவரை அவரும் யோகம் அக்காவும் எதிலுமே ஒத்துப்போனதில்லை. ஆட்டுக்கறி கேட்டார், மரக்கறி என்றார்கள். தேவாலயப் பாட்டு கேட்டார், மேளம் என்றார்கள். இப்போது அவர் யோகம் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். "இவர் சொல்வது சரி. எங்கள் சபை ஆட்கள் வருவார்கள். வாரிமுடிக்காத தலையோடு என் மகள் கல்யாண மேடையில் இருந்தால், எனக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியாது என்பார்கள்."

இரண்டு கண்டத்துப் பெண்களும் அன்றைக்குத்தான் சம்பந்திகள் ஆனார்கள். எதிரே ஒரு பிள்ளையின் தலை இருந்தால் போதும், எந்தத் தாய்மாரும் ஒற்றுமையாகிவிடுவார்கள். கோபி தன் போனைப் பார்த்தான். பிறகு மெதுவாக, "ஜஸ்ட் ஃபோர் த செரிமனி" என்றான். அபெனா அவனை ஒரு பார்வை பார்த்தாள். சரி என்று தலையாட்டினாள். என் வாயாடி மட்டும் மூலையில் இருந்து பல்லைக் கடித்தாள்.

சடையை யோகம் அக்காவே வாங்கிவந்தார், தோர்ன்டன் ஹீத்தில் எங்கள் பொடியன் ஒருவனின் கடையில். கறுப்பினப் பெண்கள் உள்ளே வந்தால் ஒவ்வொரு வரிசையிலும் பின்னாலேயே ஆளை நடக்கவிடுகிற கடை, அவர்களால்தான் அந்தக் கடையே நடக்கிறது. அசல் இந்தியக் கோயில் முடி என்று பைக்கற்றில் போட்டிருந்தது. ஏதோ ஒரு கோயிலில் யாரோ ஒரு பெண், எனக்கு அழகு வேண்டாம் சாமி என்று இறக்கிவைத்த கூந்தல். அது கடல்கடந்து வந்து, எங்கள் பெண் மாதிரித் தெரியட்டும் என்று கானாக்காரியின் தலையில் ஏறப்போகிறது. சாமி இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார்.

கல்யாணத்தன்று காலையில் முதலில் யோகம் அக்காவைக் குளியலறைக்குள் பூட்டிவைத்து அரை விக்கைப் பொருத்தினேன். பழைய கிளிப் இளகியிருந்ததால் என் பெட்டியிலிருந்து புதிதாக இரண்டு போட்டேன். அதே பெட்டியிலிருந்து இன்னொன்றை எடுத்து அபெனாவின் சடையில் பூட்டினேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

முகம் செய்யத் தொடங்கும்போது யோகம் அக்கா எட்டிப் பார்த்தார். "தங்கச்சி, அந்த பிரான்ஸ் சாமானைப் போடும். எங்கட பிள்ளையள் மாதிரி வரட்டும்."

வெள்ளை டப்பாவைத் திறந்தேன். அபெனா மணத்தைப் பிடித்தாள். ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தபோது அவள் கண்ணில் அப்படி ஒரு சிரிப்பு. "பள்ளிக்கூடக் காலத்திலிருந்து நான் இதைத்தான் பூசுகிறேன். இது எப்போது பிரான்சுக்குப் போனது?" என்று காதுக்குள் கேட்டாள். நான் வாயில் விரலை வைத்தேன். அவளுக்கு வேண்டியிருந்தது, அவளுடைய வருங்கால மச்சாளுக்கு, கோபியின் தங்கச்சிக்கு, நான் வழக்கமாகப் பூசுவதைவிட ஒரு படி வெளிறிய நிறம். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. கல்யாண வீட்டில் சண்டை வரக்கூடாது.

தலையை முதல் நாளே வாயாடி பின்னிவிட்டிருந்தாள். மண்டையோடு ஒட்டி, வரிவரியாகப் பின்னும் முறை. எப்படியும் மேலே சடையும் பூவும் மூடப்போகிறது, சும்மா நாலு வரி பின்னினால் போதும். ஆனால் அவள் நெற்றியின் நடுவிலிருந்து பிடரிவரைக்கும், எங்கள் ஊர் வெங்காயத் தறையின் வரம்புகள் மாதிரி, ஒரு கோடும் பிசகாமல் வளைத்து வளைத்துப் பின்னியிருந்தாள். ஏன் இவ்வளவு மினைக்கெடுகிறாய், ஒருத்தரும் பார்க்கப் போவதில்லையே என்று கேட்டேன். "மேலே வைப்பது உங்கள் வேலை. கீழே இருப்பது அவளுடைய தலை" என்றாள். அன்றைக்கு அது எனக்குத் திமிர்ப் பேச்சாகத்தான் பட்டது.

மணவறைக்குப் போனாள். சடை இடுப்புக்குக் கீழே தொங்கியது, நிறைய மல்லிகை. சனம் வாயைப் பிளந்தது. "பாத்தியளோ, எங்கட பிள்ளை மாதிரியெல்லே இருக்கு" என்று இரண்டாம் வரிசையில் ஒருவர் சொன்னது எனக்குக் கேட்டது. யோகம் அக்காவுக்கும் கேட்டது, அக்கா ஒரு சுற்றுப் பெருத்துவிட்டார்.

பிறகு கூறையைச் சபைக்குக் காட்டி ஆசீர்வாதம் வாங்கி, பெண்ணின் கையில் கொடுத்தார்கள். எங்கள் கல்யாணங்களில் அந்த இடைவெளி உங்களுக்குத் தெரியும். பெண் எழுந்துபோய்க் கூறையை மாற்றிக்கொண்டு திரும்பிவர வேண்டும், வந்த உடனே தாலி. இந்தத் தொழிலில் எது பிழைத்தாலும் அந்த அறையில்தான் பிழைக்கும்.

அறைக்குள் நானும் அபெனாவும் மட்டும். கூறையைக் கட்டி முடித்தேன். அவள் கண்ணாடியைப் பார்த்தாள். அழவில்லை, கத்தவில்லை. அலுவலகத்தில் பேசுவது மாதிரி நிதானமாகச் சொன்னாள்.

"அன்ரி, இது ஹெலன்."

"என்ன?"

"நீளம் மட்டும் கூட. அவர்களுக்காக ஹெலன், இவர்களுக்காக இது. வெளியே எல்லோரும் என்னைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறார்கள், அங்கே நான் இல்லை. இன்றைக்கு நான் வேலைக்குப் போகவில்லை அன்ரி. கல்யாணம் கட்டப் போகிறேன்."

சொல்லிக்கொண்டே கையைப் பின்னால் கொண்டுபோய்க் கிளிப்பைத் திறந்து சடையைக் கழற்றி மேசையில் வைத்தாள். சடையும் பூவுமாக அது ஒரு பிராணி மாதிரி அங்கே கிடந்தது. "இனி இதைப் பூட்டினால் நான் வெளியே வரமாட்டேன்" என்றாள். அவள் சும்மா சொல்லவில்லை. பயமுறுத்துகிறவர்களின் குரல் எனக்குத் தெரியும், இது வேறு குரல்.

வெளியே மேளம் மெதுவாக வாசித்துக்கொண்டிருந்தது. கதவில் தட்டு. "தங்கச்சி! ஐயர் கூப்பிடுறார். நேரம் போகுது!" யோகம் அக்கா.

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். என்னை புக் பண்ணினது யோகம் அக்கா. ஆனால் என் கதிரையில் இருந்தது யோகம் அக்கா இல்லை. சடையைப் பூட்டினால் பெண் வரமாட்டாள். பெண்ணே கழற்றிவிட்டாள் என்று சொன்னால், தாலி ஏறும் முன்னரே மாமியும் மருமகளும் எதிரிகள். சாகும்வரை அந்தக் குடும்பத்தில் அதுதான் கதையாக இருக்கும்: கூறை மாற்றப் போன இடத்தில் எங்கள் சடையைக் கழற்றி எறிந்தவள். யாரோ ஒருத்தரின் தலையில் அந்தப் பழி விழத்தான் வேண்டும். அறைக்குள் இருந்த தலைகளில் மலிவானது என்னுடையதுதான்.

நகை வளைக்கிற சின்னக் குறடு என் இடுப்புப் பையில் இருந்தது. சடையை எடுத்தேன். கிளிப்பை வளைத்து நடுவால் முறித்தேன். அபெனா பார்த்துக்கொண்டு இருந்தாள். பிறகு கதவைத் திறந்தேன்.

யோகம் அக்கா உள்ளே வந்தார். கண்ணாடிக்கு முன்னால் நின்ற மருமகளின் தலையைக் கண்டார். கதவைச் சட்டென்று சாத்தினார்.

"அக்கா, கிளிப் உடைஞ்சு போச்சு" என்று இரண்டு துண்டையும் காட்டினேன். "சேலை மாத்தேக்கை நான் இழுத்திட்டன். என்ரை பிழை."

"வேறை ஒண்டைப் போடும்!"

"பெட்டியைக் காலமை வெளிக்கிடுத்தின வீட்டிலை விட்டிட்டு வந்திட்டன்."

பெட்டி என் காலடியில் இருந்தது. அபெனா கூறையின் கரையைச் சரிசெய்வது போலக் குனிந்து, அதைக் காலால் கதிரைக்குக் கீழே தள்ளினாள். சட்டம் படித்த பிள்ளை.

யோகம் அக்கா உடைந்த கிளிப்பைக் கையில் வாங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அவருடைய வலது கை தானாகவே மேலே எழுந்து, தன் தலையின் பக்கத்துக்கு, காதுக்குச் சற்று மேலே போனது. அங்கே அதே கிளிப், அதே பெட்டியில் இருந்து எடுத்தது, இரண்டு. ஒன்றைக் கழற்றித் தந்தால் போதும். சடை மருமகளின் தலைக்கு ஏறும். சனம் பேசாது. ஆனால் அதற்கு அவர் இங்கே, இந்தப் பெண்ணின் முன்னால், தன் தலையைத் திறக்க வேண்டும்.

"உங்கட தலையிலை இரண்டு கிடக்கே அக்கா" என்று என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவ்வளவு இனிப்பான வசனம் என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்ததில்லை. விழுங்கினேன். கதிரையில் இருந்து எங்களிடம் சொல்லப்படுவது கதிரையோடு போக வேண்டும். எதிரியின் கழுத்தில் வைக்கக் கத்தி கிடைத்தாலும் அது எங்கள் கத்தி இல்லை.

கை அங்கேயே நின்றது. பிறகு இறங்கியது.

"சரி" என்றார் யோகம் அக்கா. "பூவையாவது நிறைய வையும்."

வைத்தேன். நெற்றிச்சுட்டி நடு வரம்பில் தானாகவே போய் இருந்தது, வாயாடி அதற்கென்றே பாதை வெட்டி வைத்த மாதிரி. சூரியனும் சந்திரனும் இரண்டு பக்கத்து வரிகளில் ஒட்டிக்கொண்டன. பிடரியில் மல்லிகையை ஒரு வளையமாகச் சுற்றினேன். அவ்வளவுதான், வேறொன்றும் செய்யவில்லை. இத்தனை வருடத் தொழிலில் நான் செய்த ஆக வடிவான தலை, நான் செய்யாத தலை.

வெளியே வந்தபோது ஐயர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மந்திரத்தில் விட்ட இடத்தைத் தேடினார். கோபி நிமிர்ந்து பார்த்து, இப்போதுதான் யாரோ அறிமுகப்படுத்திவைத்த மாதிரி, "ஹலோ" என்றான். அவனுடைய கண் நனைந்திருந்தது. நான் ஆளை மறைத்துத் தூணோடு நின்றேன்.

கொடி பூட்டும்போது பெண்ணின் சடையைத் தூக்கிப் பிடிப்பது மாப்பிள்ளையின் தங்கச்சியின் வேலை. அவள் பழக்கத்தில் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்தாள், பிடிக்க ஒன்றும் இல்லை, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். சடையும் பூவும் மறைக்காததால், அன்றைக்குத்தான் ஒரு கல்யாணத்தில் கொடி பூட்டுவதைக் கடைசி வரிசைவரைக்கும் எல்லோரும் கண்டார்கள். மேளம் கொட்டியது, கானாப் பக்கத்தார் எழுந்து நின்று ஆர்ப்பரித்தார்கள். அபெனாவின் தாய் உதட்டைக் கடித்துக்கொண்டு மேடைக்கு ஏறினார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். மகளின் பிடரியில் சரிந்திருந்த ஒரு பூவைச் சரியாக்கிவிட்டு, இறங்கிப்போனார்.

அதன் பிறகு என் பெயர் நோர்பரி முழுக்க நாறியது. மேக்கப் அன்ரி மலிவுக் கிளிப் போட்டவ, கல்யாண வீட்டில் மானத்தை வாங்கிவிட்டா. கதையை முன்நின்று பரப்பியவர் யோகம் அக்காதான். மரக்கறிக் கடையில் முருங்கைக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்தவர்கள் என்னைக் கண்டதும் கத்தரிக்காய்ப் பக்கம் போனார்கள். புக் பண்ணியிருந்த தாய்மார் சிலர் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு வலித்தது. செய்த வேலை நல்லது என்று உள்ளே தெரிந்தாலும் வலிக்கும், வலிக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

தாய்மார் போன பிறகு மகள்மார் ஒவ்வொருவராகக் களவாகப் போன் எடுக்கத் தொடங்கினார்கள். ஒருத்தி தாய்க்குக் கேட்காமல் இரகசியக் குரலில் கேட்டாள்: "அன்ரி, என்ரை வெடிங்கிலயும் அந்தக் கிளிப் உடையுமோ?" வெளிச்சமாகக் காட்ட வேண்டாம், தன் நிறத்திலேயே விடச்சொன்ன முதல் தமிழ்ப் பெண் அவள்தான். அன்றிலிருந்து வெள்ளை டப்பாவில் மாற்றுவதை விட்டுவிட்டேன். படம் போட்ட பெட்டியை மேசையில் எல்லோரும் காணவே வைத்தேன்.

அபெனாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. முப்பத்தொன்றாம் நாள் சடங்குக்கு யோகம் அக்கா என்னைக் கூப்பிட்டார். ஊரெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே தன் தலைக்கு மட்டும் என்னைத்தான் கூப்பிடுவார், அதில் மாற்றமில்லை. மேல் அறையில் அரை விக்கைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன். அக்கா கண்ணாடியைப் பார்த்தபடி இருந்தார்.

"தங்கச்சி."

"ஓம் அக்கா."

"நான் இந்தக் கிளிப்பை ஒவ்வொரு நாளும் போடுறன். இது உடையிற சாமான் இல்லை."

நான் கிளிப்பைத் துடைத்தேன்.

"அதிலை குறட்டுப் பல்லு பட்ட அடையாளம் கிடந்தது. எனக்கென்ன கண் தெரியாதோ? நினைச்சிருந்தா நான் ஒண்டைக் கழட்டித் தந்திருப்பன்." கண்ணாடியில் தன் உச்சியைப் பார்த்தார். "அவள் கண்ணாடியைப் பாத்துக்கொண்டு நிண்ட நிலை... நானும் ஒவ்வொரு விடியவும் அப்பிடித்தான் நிக்கிறனான். ஆனா சனத்துக்குச் சொல்ல ஒரு கதை வேணுமெல்லே. அதுதான் உம்மைத் திட்டினனான். குறை நினைக்காதையும்."

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. தட்டாமல் வந்தது அபெனா, தோளில் குழந்தை. குழந்தையின் தலை நிறையக் குட்டிக் குட்டிச் சுருள்கள். யோகம் அக்கா இரண்டு கையாலும் உச்சியைப் பொத்திக்கொண்டார். ஓடி ஒளிய அறையில் இடமில்லை.

அபெனா மாமியின் தலையைப் பார்த்தாள். என் கையில் இருந்ததைப் பார்த்தாள். அதில் தொங்கிய கிளிப்பைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று அவளுடைய முகத்தில் தெரிந்தது. கட்டிலில் மாமிக்குப் பக்கத்தில் வந்து இருந்தாள். சாதாரணமாக, அயல்வீட்டுப் பிள்ளையைப் பற்றி விசாரிப்பது போல, தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டாள்:

"மாமி, இதுக்குப் பேர் என்ன?"

யோகம் அக்கா விழித்தார். நான் விளங்கப்படுத்தப் போனேன், ஹெலன், டொலோரஸ் என்று. அக்கா கையைக் காட்டி என்னை நிறுத்தினார். உச்சியிலிருந்து கையை மெல்ல எடுத்து, பேரப்பிள்ளையின் சுருள் ஒன்றை விரலில் சுற்றிக்கொண்டு நெடுநேரம் யோசித்தார்.

"இராசமலர்" என்றார் கடைசியில். "எங்கட வகுப்பிலை முழங்கால் மட்டும் சடை வைச்சிருந்தவள். அவளைக் கண்டாலே எனக்குப் பிடிக்காது."

அபெனா சிரித்த சிரிப்பில் குழந்தை எழும்பிவிட்டது. கீழே ஐயர் கூப்பிடுவது கேட்டது. இராசமலரை எடுத்து யோகம் அக்காவின் தலையில் வைத்துப் பூட்டினேன். கிளிப் நன்றாகவே பிடித்துக்கொண்டது.